கண்ணீரை விடுங்கள், மூச்சைக் கவனியுங்கள்: வாசகர் கேள்வி பதில்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, கடலோரத்து ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் அழுகையைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களை நீக்கிவிட்டோம்.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். போன வருடம் அக்கரையில் பிடித்து வைத்து, இரண்டு மாதம் கழித்து விட்டார்கள். ஆள் நல்லபடியாக வந்துவிட்டார். ஆனாலும் படகு போகிற ராத்திரியெல்லாம் எனக்கு அழுகை வருகிறது. ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் நிற்காது. விரலெல்லாம் மரத்து, உதடு மதமதவென்று ஆகி, நெஞ்சை அடைக்கிறது. காத்து கருப்பு என்கிறார் மாமியார். அந்த நேரத்தில் நான் என்னதான் செய்வது?
*ஒரு சகோதரி, தங்கச்சிமடம்*

காத்தும் இல்லை, கருப்பும் இல்லை, சகோதரி. விரல் மரப்பது மூச்சினால். தேம்பித் தேம்பி அழும்போது வாயால் வேகவேகமாக மூச்சை இழுக்கிறோம். அப்போது கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியே போய்விடுகிறது. இரத்தத்தில் அது குறைந்தால் விரல் நுனியும் உதடும் மரக்கும், தலை சுற்றும், நெஞ்சு இறுகும், மூச்சே வராதது போல இருக்கும். உண்மையில் நீங்கள் விடும் மூச்சு அதிகம், குறைவல்ல. அது தெரியாமல் இன்னும் இழுத்தால் இன்னும் மரக்கும். மரத்ததைப் பார்த்துப் பயம் வரும். பயத்தில் அழுகை கூடும். கவலையில் தொடங்கிய அழுகை கொஞ்ச நேரத்தில் இந்தச் சுழலில் மாட்டிக்கொள்கிறது. அதனால் கண்ணீரை அடக்கப் பார்க்காதீர்கள். அது பாட்டுக்கு வரட்டும். மூச்சை மட்டும் கவனியுங்கள்.

முதலில் எழுந்து, சுவரில் முதுகு சாய்த்து உட்காருங்கள். குப்புறப் படுத்து அழும்போது வயிறு அமுங்கி, மூச்சு மேல்நெஞ்சிலேயே ஓடும். பாவாடை நாடா இறுக்கமாக இருந்தால் தளர்த்திவிடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இறுகக் கட்டிய நாடாவோடு வயிற்று மூச்சு வரவே வராது. அடுத்து மூக்கைச் சிந்துங்கள், ஒரு பக்கத்தை அடைத்து மறுபக்கம் என்று மெதுவாக. கண்ணீர் ஒரு சிறு குழாய் வழியாக மூக்கில்தான் வடிகிறது. அழுதால் மூக்கு ஒழுகுவதும் அடைப்பதும் அதனால்தான். மூக்கு அடைத்திருந்தால் வாய்மூச்சு, வாய்மூச்சு என்றால் வேகமூச்சு.

இப்போது வெளிமூச்சிலிருந்து தொடங்குங்கள். சூடான டீயை ஊதுவது போல உதட்டைக் குவித்து, ஆறு எண்ணும்வரை மெல்ல ஊதுங்கள். பிறகு மூக்கால் மூன்று எண்ணும்வரை மட்டும் உள்ளே. ‘நல்லா ஆழமா இழுத்து விடு’ என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள், அது வேண்டாம். ஆழமாக இழுப்பதுதான் இங்கே தப்பு. சிறிதாக இழுத்து, நீளமாக விட வேண்டும். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும், உள்ளே வரும்போது சற்றுக் கூடும். அதனால்தான் விடும் நேரத்தை நீட்டச் சொல்கிறோம். முதல் நான்கைந்து முறை நடுவில் விசும்பல் வந்து அறுந்து போகும். ஆறு வராவிட்டால் நான்கு எண்ணுங்கள், அடுத்ததில் ஐந்து. பத்து முறை செய்ய ஒன்றரை நிமிடம் ஆகும். அதோடு விடாமல் ஐந்து நிமிடம் தொடருங்கள். பலர் ஒரு நிமிடம் செய்து பார்த்துவிட்டு ‘எனக்குக் கேட்கவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். மரத்த விரல் திரும்பவே சில நிமிடம் பிடிக்கும்.

எண்ணிக்கை பிடிக்காவிட்டால் ஜெபமாலை சொல்லுங்கள், ஒரு மந்திரத்தை ஒரே மூச்சில் மெதுவாக. 2001-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஜெபமாலையையும் ஒரு யோக மந்திரத்தையும் சொல்லச் செய்து அளந்து பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்று தானாகவே இறங்கியது. உங்கள் பாட்டிமார் சும்மா முணுமுணுக்கவில்லை.

மூச்சு பிடிபடவே இல்லையென்றால் குளிர்ந்த தண்ணீர். ஒரு அகலமான சட்டியில் நல்ல தண்ணீர், அதில் ஐஸ் கட்டி நாலைந்து. குனிந்து, நெற்றியும் கண்ணைச் சுற்றிய இடமும் நனையும்படி முகத்தை வைத்து, 15 முதல் 20 விநாடி மூச்சை நிறுத்துங்கள். நிமிர்ந்து சாதாரணமாக மூச்சு விட்டு, இன்னும் ஒரு முறை. முகத்தில் குளிர்ச்சியும் மூச்சு நிற்பதும் சேர்ந்தால், முங்கும்போது நடப்பது போல, உடம்பு இதயத் துடிப்பைக் குறைக்கிறது. கழுத்திலோ கையிலோ ஊற்றினால் இந்தப் பலன் கிடைக்காது, முகம்தான் முக்கியம். ஐஸைத் தோலில் நேராக வைக்காதீர்கள், புண்ணாகும். மீனுக்குப் போடும் ஐஸ் குடிக்கிற தண்ணீரில் செய்தது என்று சொல்ல முடியாது. அதுதான் கிடைக்கும் என்றால் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ஈரத்துண்டில் சுற்றி நெற்றியிலும் கன்னத்திலும் ஒற்றுங்கள். இதய நோய் உள்ளவர்கள், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த முறையைச் செய்யக் கூடாது. அவர்களுக்கு ஊதும் மூச்சே போதும்.

தொண்டையில் உருண்டை அடைத்தது போல இருப்பதற்கும் காரணம் உண்டு. அழும்போது அதிகக் காற்று போக வேண்டும் என்று குரல்வளை விரிந்து நிற்கிறது. விழுங்கும்போது அது மூட வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று இழுபடுவதுதான் அந்த உருண்டை. தேம்பல் கொஞ்சம் தணிந்ததும் ஐந்தாறு மிடறு தண்ணீர் விழுங்குங்கள், கரையும். கடுமையாகத் தேம்பும்போது குடித்தால் புரையேறும்.

மாமியாருக்கும் ஒரு வேண்டுகோள். இவரைச் சுற்றிக் கூட்டம் வேண்டாம், கன்னத்தில் தட்ட வேண்டாம், முகத்தில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து மூச்சுவிடச் சொல்ல வேண்டாம், அது ஆபத்து. பக்கத்தில் உட்கார்ந்து ‘நான் இங்கதான் இருக்கேன்’ என்று சொல்லிவிட்டு, நீங்களே சத்தம் கேட்கும்படி மெதுவாக ஊதுங்கள். அந்தச் சத்தத்தோடு இவர் மூச்சும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. நெஞ்சுவலி தாடைக்கோ இடது கைக்கோ இறங்கினால், வியர்த்துக் கொட்டினால், மயங்கி விழுந்தால் இதையெல்லாம் செய்துகொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நெஞ்சடைப்பு முதல் தடவை வந்தால் அழுகையால்தான் என்று நீங்களே முடிவு கட்டக் கூடாது.

விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் போகிறது. எந்த ராத்திரி அழுகை வரும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிகிறது, அது ஒரு வசதி. அன்று மாலை ஏழு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். வாட்ஸாப்பில் படகுச் செய்திகளை ராத்திரி ஒரு முறை, விடியற்காலை ஒரு முறை என்று மட்டும் பாருங்கள். ஊதும் மூச்சை அழுகை இல்லாத நாளிலும் காலை ஐந்து நிமிடம் பழகுங்கள். புயலில் போய் நங்கூரம் போடக் கற்றுக்கொள்ள முடியாது.

நான் மாதத்தில் பன்னிரண்டு நாள் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறேன். கொஞ்ச நாளாக வள்ளத்தில் போகும்போதே அழுகை வந்துவிடுகிறது. தண்ணீரில் முங்கினால் யாருக்கும் தெரியாது என்று அழுதுகொண்டே முங்கிவிடுகிறேன். இது தப்பா?
*சின்னப்பாலம் அருகிலிருந்து*

அழுவது தப்பில்லை அம்மா. அழுதுகொண்டே முங்குவது உயிருக்கு ஆபத்து. இந்தக் கடிதத்தைப் படித்ததும் எங்களுக்குப் பதறியது.

முங்கியிருக்கும்போது ‘போதும், மேலே போ’ என்று நெஞ்சு முட்டுகிறதே, அந்த முட்டலை முக்கியமாகத் தருவது பிராணவாயு குறைவது அல்ல. கரியமில வாயு கூடுவது. தேம்பி அழுதபோது அந்தக் கரியமில வாயுவை நீங்கள் ஏற்கெனவே ஊதித் தள்ளிவிட்டீர்கள். அதனால் முங்கும்போது முட்டல் தாமதமாக வரும். இன்று நன்றாக மூச்சு நிற்கிறதே என்றுகூடத் தோன்றும். ஆனால் பிராணவாயு வழக்கம்போலத் தீர்ந்துகொண்டுதான் இருக்கும். முட்டல் வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடலாம், அதுவும் மேலே ஏறி வரும் கடைசி நேரத்தில். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படித்தான் சத்தமில்லாமல் போகிறார்கள்.

அழுத பிறகு குறைந்தது அரை மணி நேரம் முங்காதீர்கள். விரல் மரப்பும் தலை கிறுகிறுப்பும் முழுதாகப் போயிருக்க வேண்டும். அதுவரை வள்ளத்தில் இருந்து, மற்றவர்கள் எடுத்து வந்த பாசியைப் பிரித்து வையுங்கள். அல்லது இடுப்பளவு தண்ணீரில் தலை முங்காமல் பொறுக்குங்கள். கூட வரும் பெண்களில் ஒருவரிடமாவது ‘இன்னைக்கு எனக்கு மனசு சரியில்ல, ஒரு கண்ணு வச்சுக்க’ என்று சொல்லிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர் நீங்கள் முங்கும்போது மேலே நின்று பார்க்கட்டும், அவர் முங்கும்போது நீங்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்துத் தயாராகும் பழக்கம் இருந்தால், அழாத நாளிலும் அதை விட்டுவிடுங்கள். அதிலும் இதே ஆபத்துதான்.

தண்ணீருக்குள் மட்டும்தான் அழ முடிகிறது என்றால் கரையில் உங்களுக்கு இடமில்லை என்று அர்த்தம். அழுகைக்கான காரணத்தை நீங்கள் எழுதவில்லை. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவி மையம் 24 மணி நேரமும் இயங்குகிறது, 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். பெயர் சொல்லாமலும் பேசலாம்.

பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பு நடுவில் கண் கலங்கிவிடுகிறது. பத்து நிமிடம் தாக்குப்பிடிக்க வழி சொல்லுங்கள்.
*மண்டபம்*

பத்து நிமிடத்துக்கு வழி இருக்கிறது, நாள் முழுக்க அல்ல. கண்ணில் நீர் திரளும்போதே முகத்தைச் சற்று மேலே தூக்கி, விழுங்குங்கள். மேசையில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டால் இரண்டு மிடறு. கால் விரல்களைச் செருப்புக்குள் இறுக்கிச் சுருட்டி ஏழு எண்ணி விடுங்கள், யாருக்கும் தெரியாது. நின்ற இடத்தில் நிற்காமல் வகுப்பின் பின்பக்கம் நடந்து போங்கள். மனத்துக்குள் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து வாருங்கள், 93, 86, 79 என்று. கணக்கும் கவலையும் ஒரே நேரத்தில் ஓடுவது கடினம். அதற்கும் நிற்காவிட்டால் பிள்ளைகளுக்கு ஒரு பத்தியை எழுதக் கொடுத்துவிட்டு வெளியே வந்து ஊதும் மூச்சு பத்து முறை. சிவந்த கண்ணைப் பிள்ளைகள் பார்த்துவிட்டால் ‘டீச்சருக்கு மனசு கொஞ்சம் சரியில்ல, இப்ப பரவாயில்ல’ என்று உண்மையைச் சொல்லுங்கள். தூசி விழுந்துவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

தள்ளிப்போட்ட அழுகைக்கு அன்றைக்கே ஒரு நேரம் கொடுத்துவிட வேண்டும். எப்படி என்று கடைசிக் கேள்வியில் பாருங்கள். வீங்கிய கண்ணைத் தேய்க்காமல், குளிர்ந்த ஈரத்துணியை ஐந்து முதல் பத்து நிமிடம் மூடிய கண்மேல் வையுங்கள்.

என் மகளுக்குக் குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. சுகப்பிரசவம், குழந்தையும் நலம். ஆனால் மகள் காரணமில்லாமல் அழுகிறாள். அழுதால் பால் வற்றிவிடும் என்று எல்லோரும் திட்டுகிறார்கள். நாப்பது நாள் கழியட்டும் சரியாகிவிடும் என்கிறார் அவள் வாப்பா.
*ஒரு உம்மா, கீழக்கரை*

பிள்ளை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்த அழுகை வருகிறது. பிரசவத்தோடு ஹார்மோன்கள் சட்டென்று இறங்கிவிடுகின்றன, கூடவே தூக்கமும் போய்விடுகிறது. இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கி, இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். நடுவில் சிரிப்பாள், குழந்தையைக் கொஞ்சுவாள், திடீரென்று அழுவாள். உங்கள் மகள் இன்னும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறாள்.

ஆனால் நாப்பது வரை காத்திருக்காதீர்கள். பதினான்காம் நாளுக்குப் பிறகும் அழுகை நீடித்தால், அல்லது குழந்தை தூங்கும்போதும் அவளால் தூங்க முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ‘நான் நல்ல தாயில்ல’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள் என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. கிராம சுகாதாரச் செவிலியரிடமே முதலில் சொல்லலாம். இரத்தசோகையும் தைராய்டும் இதே மாதிரி காட்டும் என்பதால் இரண்டு பரிசோதனையையும் கேளுங்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் உண்டு. பாலை நிறுத்த வேண்டியிருக்கும் என்ற பயத்தில் பலர் மருத்துவரிடம் போவதே இல்லை.

இதைவிட அவசரமானது ஒன்று. இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசினாலோ, இரண்டு நாளாகத் தூக்கமே இல்லாமல் பரபரவென்று இருந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனை. குழந்தையோடு அவளைத் தனியே விடக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது தூக்கம் தருவது. ராத்திரி ஒன்பது மணிப் பால் கொடுத்ததும் குழந்தையை நீங்கள் வாங்கி வேறு அறைக்குப் போங்கள். ஈரத்துணி மாற்றுவது, ஏப்பம் விடச் செய்வது எல்லாம் உங்கள் வேலை. பசித்து அழும்போது மட்டும் அவளிடம் கொண்டு போங்கள். பகலில் பார்க்க வருகிறவர்களை அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுங்கள். பால் வற்றிவிடும் என்று திட்டுவதை வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும். அழுவதால் பால் வற்றாது. பயமும் பதற்றமும் பால் இறங்குவதைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்தலாம். திட்டினால் அந்தப் பதற்றம்தான் கூடும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம். யாராவது ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டாலே தேம்பி அழுகிறார். ஒரு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. கேட்டால் ‘எனக்கே தெரியல’ என்கிறார்.
*தேவிபட்டினம்*

அவர் உண்மையைத்தான் சொல்கிறார். அழுகையையும் சிரிப்பையும் கட்டுப்படுத்தும் நரம்புப் பாதை பக்கவாதத்தில் அடிபட்டால் சோகமே இல்லாமல் அழுகை வரும். சிலருக்குச் சிரிப்பு வரும். மருத்துவர்கள் இதை சூடோபல்பர் அஃபெக்ட் என்பார்கள். இதற்கு மருந்து இருக்கிறது. நரம்பியல் மருத்துவரிடம் ‘சட்டென்று வந்து, சட்டென்று நிற்கிறது’ என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். அழும்போது ஏன் என்று கேட்காதீர்கள், சமாதானமும் செய்யாதீர்கள், இரண்டும் நீட்டும். பேசிக்கொண்டிருந்ததை அப்படியே தொடருங்கள். அவர் உட்கார்ந்திருக்கும் நிலையை மாற்றி, தோளைத் தளர்த்தி, மெல்ல ஊதினால் சீக்கிரம் அடங்கும். பக்கவாதத்துக்குப் பிறகு உண்மையான மனச்சோர்வும் வரும் என்பதால், அழாத நேரத்தில் சாப்பாடு, தூக்கம், பேச்சில் ஆர்வம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

எனக்கு 41 வயது. படகில் கூலிக்குப் போகிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை இல்லாமல் கடன் ஏறிவிட்டது. குடித்தால் மட்டும் அழுகை வருகிறது, விடிய விடிய. காலையில் வெட்கமாக இருக்கிறது. ஆம்பளை இப்படி அழலாமா?
*மூக்கையூர்ப் பக்கம்*

அழலாம் தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கையில் காசில்லாமல் குடும்பம் நடத்துவது கண் கலங்க வேண்டிய விஷயம்தான். கவலைப்பட வேண்டியது குடியைப் பற்றி. உங்களுக்கு இருந்த அழுகையைச் சாராயம் வெளியே விடுகிறது என்று நினைக்கிறீர்கள். பாதி உண்மை. அது கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறது, கூடவே மனச்சோர்வையும் கூட்டுகிறது. முதலில் தூங்க வைத்து, நடு ராத்திரிக்கு மேல் எழுப்பிவிடும். அந்த நேரத்தில் கடன் இரண்டு மடங்காகத் தெரியும்.

குடிக்காமல் அழப் பழகுங்கள். மாலையில் ஈர மணலில் கால் புதைய வேகமாக 15 நிமிடம் நடங்கள், வேர்க்கட்டும். உடம்பில் முறுக்கேறி நிற்பது அதில் இறங்கும். பிறகு ஒரு இடத்தில் உட்கார்ந்து அழுகை வந்தால் அழுங்கள். கடனை ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, வட்டி எவ்வளவு, எது முதலில். அந்தத் தாளை மனைவியிடம் காட்டுங்கள். அழுகைக்குப் பின்னால் இருப்பது பல நேரம் கடன் தொகை அல்ல, அதை ஒளித்து வைத்திருப்பது.

தினமும் குடிப்பவராக இருந்தால் ஒரே நாளில் நீங்களாக நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு, மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, குழப்பம் வரலாம். அரசு மருத்துவமனையில் மாத்திரையோடு நிறுத்துவதுதான் பாதுகாப்பு. குடித்த ராத்திரியில் செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்திருந்தாலும் 14416-க்கோ, அரசின் 104 சுகாதார உதவி எண்ணுக்கோ அன்றைக்கே பேசுங்கள். அந்த நினைப்பு இருக்கும்வரை ராத்திரி தனியாகப் படுக்க வேண்டாம், தனியாகக் கடலுக்கும் போக வேண்டாம்.

சித்தி மூன்று வாரமாக அழுதுகொண்டே இருக்கிறார். குளிப்பதில்லை, ஒரு கவளத்துக்கு மேல் இறங்குவதில்லை. ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய் விடலாம் என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள்.
*சாயல்குடி*

தர்காவில் துஆ செய்வது உங்கள் நம்பிக்கை. அதில் யாரும் குறுக்கே நிற்க மாட்டோம். கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதுதான் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அவர்களும் இப்படி உறவினர்களால் கொண்டுவந்து விடப்பட்டவர்கள்தான். மனநலம் பாதித்தவரைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. தர்காவுக்கு வருகிறவர்களுக்குத் துஆவோடு மருந்தும் கிடைக்க வேண்டும் என்று அரசே அங்கே சிகிச்சை ஏற்பாடு செய்திருக்கிறது. போவதானால் சித்தியோடு நீங்களும் போங்கள், அங்கே மருத்துவரையும் பாருங்கள், அன்றே கூட்டி வாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி, மனம் சோர்ந்து கிடப்பதும், சாப்பாடும் தூக்கமும் கெடுவதும், எதிலும் நாட்டம் இல்லாததும் சேர்ந்தால் அது நோய், அதற்கு மருந்து உண்டு. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மாத்திரையின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: பத்து நாள் கொடுத்துவிட்டு ‘கேட்கவில்லை’ என்று நிறுத்துகிறார்கள், அல்லது நன்றாக ஆனதும் நிறுத்துகிறார்கள். குணம் தெரிந்த பிறகும் பல மாதம் தொடர வேண்டியிருக்கும். நிறுத்துவதை மருத்துவர்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

சித்தி தண்ணீரும் குடிக்க மறுத்தால் நாள் பார்க்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். அதுவரை நீராகாரமோ மோரோ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அரை டம்ளர். ‘சாப்பிடுறீங்களா’ என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் வரும். கேட்காமல் கையில் கொடுங்கள்.

கடலுக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. எட்டு மாதமாகிறது. உடலும் கிடைக்கவில்லை. தாலியை எடுக்கக் கூடாது, அவன் வருவான் என்கிறார் மாமியார். நான் அழுதால் அவர் போய்விட்டார் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிறது. அழாமலும் இருக்க முடியவில்லை. இரண்டு பிள்ளைகள். இது எப்போது நிற்கும்?
*பாம்பன்*

அம்மா, எப்போது நிற்கும் என்று நாள் சொல்ல முடியாது. ஏன் நிற்கவில்லை என்று சொல்ல முடியும். உடலைப் பார்த்து, அடக்கம் செய்து, காரியம் முடித்தவர்களுக்கே ஒரு வருடம் போதாது. உங்களுக்கு அந்தச் சடங்குகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களிடமும் ஆய்வு செய்த அவர் வலியுறுத்துவது, ஒரு முடிவுக்கு வா என்று அவர்களை நெருக்கக் கூடாது என்பது. ‘அவர் வரலாம், வராமலும் போகலாம்’ என்ற இரண்டையும் ஒரே மனத்தில் வைத்திருக்க உங்களுக்கு உரிமை உண்டு. அழுவது எதையும் ஒத்துக்கொள்வது ஆகாது. பிரிந்ததற்கும் அழலாம்.

ராத்திரி முழுக்கப் பரவிக் கிடக்கும் அழுகைக்கு ஒரு நேரமும் இடமும் கொடுத்துப் பாருங்கள். மாலை ஐந்து மணி போல, இருபது நிமிடம், தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். படுக்கை வேண்டாம், படுக்கையில் அழுதால் பாயைப் பார்த்தாலே அழுகை வரப் பழகிவிடும். ராத்திரி எட்டுக்கு மேல் வேண்டாம், தூக்கம் கெடும். போனில் இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, அவர் சட்டையோ படமோ கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். வராவிட்டாலும் எழுந்து போகாதீர்கள். அலாரம் அடித்ததும் அதே பொருளை அதே பெட்டியில் வைத்து மூடி, முகம் கழுவி, உடம்பு அசையும் ஒரு வேலைக்குப் போங்கள்: தண்ணீர் எடுப்பது, துணி துவைப்பது. உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டாம். மற்ற நேரத்தில் அழுகை முட்டினால், எந்த நினைவு வந்தது என்று ஒரு தாளில் ஒரு வார்த்தை எழுதி ‘சாயங்காலம்’ என்று சொல்லித் தள்ளி வையுங்கள். முதல் வாரம் இது நடக்காது. வழிந்து எல்லா நேரத்திலும் ஓடும். பெரும்பாலோர் அந்த வாரத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். மூன்று வாரம் செய்யுங்கள். அழுகைக்குத் தொடக்கம் இருப்பது போல முடிவும் உண்டு என்று உடம்பு கற்றுக்கொள்ள அவ்வளவு நாள் வேண்டும்.

நம் ஊரில் ஒப்பாரி வைக்கும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, ஆடிக்கொண்டே, ஒவ்வொரு அடியின் கடைசியையும் இழுத்து, மூச்சு தீரும்வரை நீட்டுவார்கள். முதல் பதிலில் சொன்ன நீண்ட வெளிமூச்சு அதில் தானாகவே இருக்கிறது. பக்கத்தில் ஆளும் இருக்கிறது. உடல் இல்லை என்பதால் உங்களுக்கு அந்த ஒப்பாரியும் கிடைக்கவில்லை. இது சரியில்லை என்றே நினைக்கிறோம். இறந்தவருக்கு என்று சொல்ல வேண்டாம். போனவருக்கு என்று சொல்லி, உங்களுக்கு நெருங்கிய நாலு பெண்களோடு ஒரு சாயங்காலம் உட்காருங்கள்.

பிள்ளைகளிடம் ‘அப்பா வெளியூர் போயிருக்காங்க’ என்று சொல்லாதீர்கள். அவர்கள் தெருவில் கேட்டுவிடுவார்கள், பிறகு உங்களையும் நம்ப மாட்டார்கள். ‘அப்பா போன வள்ளத்தக் கடல்ல ரொம்ப நாள் தேடுனாங்க, கிடைக்கல. எங்க இருக்காங்கன்னு எனக்கும் தெரியல. தெரிஞ்சா உங்ககிட்டதான் மொதல்ல சொல்லுவேன்’ என்று அவர்களுக்குப் புரியும் வார்த்தையில் சொல்லுங்கள். நீங்கள் அழுவதை அவர்கள் பார்ப்பதில் தவறில்லை. அழுது முடித்து நீங்கள் முகம் கழுவிச் சோறு போடுவதையும் அவர்கள் பார்க்க வேண்டும்.

தாலியைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டியதில்லை. அதை யாரும் உங்களுக்காக முடிவு செய்யவும் கூடாது. மாமியாரிடம் அதை வாதாட வேண்டாம். ‘வருவான்’ என்று அவர் சொல்லும்போது அவரும் அழத்தான் செய்கிறார், வேறு விதமாக. அந்தப் பெட்டியில் இருப்பது அவர் மகனின் சட்டையும்தான். நாளை ஐந்து மணிக்கு அலாரம் வைக்கும்போது அவரையும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.